கதவு எங்கே இடிக்கிறது: நாட்குறிப்பு

அக்டோபர் 5, ஞாயிறு

படுக்கையறைக் கதவு இன்று மூடவே இல்லை. ஒரு வாரமாகத் தோள் கொடுத்துத் தள்ளித்தான் மூடிக்கொண்டிருந்தோம். கைப்பிடிப் பக்கத்தில் மேல் மூலை நிலையில் இடிக்கிறது. அதே பக்கம் கீழ் மூலை உரசி, தரையில் அரைவட்டமாக ஒரு கீறல்.

"மழைக்கு உப்பியிருக்கும், கொஞ்சம் இழைச்சு விட்டுடு" என்றாள் அம்மா.

இழைப்புளியை எடுக்குமுன் கதவோரச் சந்து எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் ஏறக்குறைய 3 மி.மீ. சீராக இருந்தால் நல்லது. இங்கே கைப்பிடிப் பக்கம் மேலே ஒரு தாள்கூட நுழையவில்லை, கீழே போகப்போக விரல் நுனி நுழையும் அளவுக்கு அகலம். கீல் பக்கம் இதற்குத் தலைகீழ். உப்பிய கதவென்றால் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே மாதிரி இறுகும். ஆக, இது உப்பவில்லை, இறங்கியிருக்கிறது. கதவைப் பாதி திறந்து கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினேன். மேல் கீல் நிலையை விட்டு அசைவது கண்ணுக்கே தெரிந்தது. இடிக்கிற மூலையை இழைத்திருந்தால் நல்ல மரம்தான் வீணாகியிருக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

மேல் கீலின் நான்கு திருகுகளையும் இறுக்கிப் பார்த்தேன். ஒன்று பிடித்தது. மற்ற மூன்றும் சும்மா சுற்றுகின்றன. ஓட்டைக்குள் மரம் தேய்ந்து தூளாகிவிட்டது. சனிக்கிழமைதான் நேரம் கிடைக்கும்.

அக்டோபர் 11, சனி

முதலில் கதவுக்கு அடியில் ஒரு மர ஆப்பைச் செருகி, அதன் பாரம் முழுவதும் ஆப்பில் நிற்கும்படி செய்தேன். இதைச் செய்யாமல் மேல் கீலைக் கழற்றினால் கதவு சாய்ந்து கீழ்க் கீலையும் பிய்த்துவிடும்.

தேய்ந்த ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சியே போதும். மருந்துத் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். முதல் மூன்று தடையில்லாமல் இறங்கின. நான்காவதைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டியிருந்தது. ஐந்தாவது பாதியில் நின்று, ஓரத்தில் பசை பிதுங்கி வழிந்தது. அந்த அளவுக்கு இறுக வேண்டும். குச்சி தளர்வாகக் கிடந்தால் திருகு அதையும் சேர்த்துச் சுற்றும். பசையைத் துடைத்துவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை உளியால் மட்டமாகச் சீவினேன். நாளை வரை யாரும் இந்தக் கதவைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பசை நன்றாகக் காய்ந்துவிட்டது. திருகின் தண்டைவிட மெல்லிய துளையிட்டு, மரைகளில் சோப்பைத் தேய்த்து, கையாலேயே முறுக்கினேன். கடைசிச் சுற்றில் மரம் திருகைக் கவ்வுவது உள்ளங்கையில் தெரியும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. பழைய திருகுகள் 25 மி.மீ. நீளம்தான். அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக 60 மி.மீ. போட்டேன். நிலைக்கால் கனமான மரம் என்பதால் அது ஆழமாகப் போய்ப் பிடித்தது. ஆப்பை உருவினேன். கதவு அசையவில்லை, சந்தும் சீராக வந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

கதவு சரியாக நிற்கிறது, ஆனால் பூட்டின் நாக்கு விழவில்லை. நாக்கின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், நிலையில் உள்ள தகட்டில் வெள்ளைத் தடம் ஓட்டைக்கு 2 மி.மீ. மேலே பதிந்திருந்தது. தகட்டைச் சுற்றிச் சுரண்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அதற்கு மேலே பெயிண்டுக்கு அடியில் பழைய திருகு ஓட்டைகள். கதவு இறங்க ஆரம்பித்தபோது யாரோ கீலைப் பார்க்காமல் தகட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக அந்த மூன்று திருகுகளும் தளர்ந்துகொண்டே இருந்தனவோ! ஓட்டையின் மேல் விளிம்பை அரத்தால் ராவினேன். இப்போது நாக்கு 'டக்'கென்று விழுகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

சமையலறைக் கதவின் கிறீச். கதவை மூடி வைத்துக்கொண்டு, கீல் ஆணிகளை ஒவ்வொன்றாக உருவி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசித் திரும்பப் போட்டேன். அரை மணி நேர வேலை. வாசல் பூட்டில் சாவி சிக்கியதற்குப் பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவி நாலைந்து முறை போட்டு எடுத்தேன். எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், அப்புறம் தூசி ஒட்டிப் பிசுக்காகிவிடும்.

அக்டோபர் 25, சனி

குளியலறைக் கதவு மட்டும் உண்மையிலேயே உப்பியிருக்கிறது. கைப்பிடிப் பக்கம் முழு நீளத்துக்கும் இறுக்கம். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில்தான் விரியும், நீளத்தில் விரிவது மிகக் குறைவு. கதவுக்கு அடியில் ஒரு கண்ணாடியைச் சரித்து வைத்துப் பார்த்தேன். கீழ் விளிம்பு வெறும் மரம், பெயிண்டே கண்டதில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

அம்மாவுக்கு இன்றைக்கே இழைத்துவிட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். ஈரத்தில் இழைத்தால் காய்ந்த பிறகு பெரிய சந்து விழும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து விட்டிருக்கிறேன். மழை முடியட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

மூன்று வாரமாக நல்ல வெயில். குளியலறைக் கதவு தானாகவே பெரும்பாலும் சுருங்கிவிட்டது, ஒரே ஒரு இடத்தில்தான் தொடுகிறது. கீழ்க் கீல் ஆணியை முதலில் எடுத்து, மேல் ஆணியைக் கடைசியாக உருவி, அம்மா ஒரு பக்கம் பிடிக்கக் கதவை இறக்கினோம். அந்த இடத்தில் மர இழை போகும் திசையிலேயே நாலு தள்ளு, 1 மி.மீ. போயிருக்கும், அவ்வளவுதான். கீழ் விளிம்புக்கும் இழைத்த இடத்துக்கும் ப்ரைமர் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மாட்ட வேண்டும். அதுவரை குளியலறைக்குத் திரைதான்.