கொக்குவில், நவம்பர்

நவம்பர் 3, திங்கள்

போனையும் சார்ஜரையும் ஆஸ்பத்திரியில் அம்மாவின் பைக்குள் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் மிச்சம் இந்தப் பழைய லப்டொப்பும், மேசை லாச்சிக்குள் கிடந்த, சிம் போட்டு இணையம் எடுக்கும் யூஎஸ்பி டொங்கிளும்தான். அம்மாவின் பழைய ரிப்போட் எல்லாவற்றையும் அனுப்பட்டாம் என்று அக்கா காத்திருக்கிறா.

செருகினேன். பச்சை விளக்கு மின்னுகிறது. லப்டொப்பில் ஓடும் டெபியன் லினக்ஸ் அதைச் சீடி என்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

இந்த டொங்கிள்களுக்குள் ஒரு பொய்ச் சீடி இருக்கும். விண்டோஸுக்கான மென்பொருளை அதில்தான் ஏற்றி விற்கிறார்கள். செருகியதும் சீடியாகவே முகம் காட்டும். அதற்குரிய கட்டளை போனபிறகுதான் மோடமாக மாறும். லினக்ஸில் அந்தக் கட்டளையை அனுப்புவது யூஎஸ்பி மோட்ஸ்விட்ச். செருகியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி அடித்துப் பார்த்தால் கடைசி இலக்கம் இன்னும் சீடிக்குரிய 1446 என்றே நிற்கிறது. அப்படியென்றால் மாறவில்லை.

மோட்ஸ்விட்சை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர மோட்ஸ்விட்ச் வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்ல.

அம்மா ஒரு இடியப்பம் சாப்பிட்டாவாம். டொக்டர் "பார்ப்பம்" என்றாராம்.

நவம்பர் 5, புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடையெல்லாம் பூட்டு.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரியால் வரும் வழியில் குளப்பிட்டிச் சந்தியில் இறங்கி, கொமினிகேசன் கடையில் மோட்ஸ்விட்ச், இணையத்துக்கு டயல் பண்ணும் டபிள்யூவிடயல், மோடத்துக்குக் கட்டளை அடிக்கும் மினிகொம் எல்லாவற்றையும் துணைப் பொதிகளோடு பென் டிரைவில் ஏற்றினேன். கடைப் பெடியன் சிரித்தான். "அண்ணை, போனில ஹொட்ஸ்பொட் போட்டால் முடிஞ்சுது. உதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" ரிப்போட்டையும் அங்கேயே ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கலாம்தான். அம்மாவின் பெயர் போட்ட தாள்களை இன்னொருவரின் கொம்பியூட்டரில் ஏற்ற மனம் வரவில்லை.

இரவு: டொங்கிள் மாறிவிட்டது! மோடத்தோடு பேச டிடிவையுஎஸ்பி 0, 1, 2 என்று மூன்று வாசல்கள். மினிகொம்மைத் திறந்து, மோடம் கேட்கிறதா என்று பார்க்கும் ஏடி கட்டளையை அடித்தேன். எழுத்துகள் குழம்பி வந்தன. மோடங்களைத் தானாகக் கவனிக்கும் மோடம்மனேஜர் பின்னால் நின்று அதே வாசலைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டு மறுபடி ஏடி. ஓகே என்றது. இந்த வாரம் கேட்ட கேள்விக்கு உடனே வந்த பதில் இது ஒன்றுதான்.

அடுத்தது சிக்னல், ஏடி+சிஎஸ்கியூ. 0 முதல் 31 வரை எண் வரும். 0 என்றால் சிக்னல் பலம் மைனஸ் 113 டிபிஎம், ஒவ்வொரு படிக்கும் 2 கூடும். எனக்கு வந்தது 9, அதாவது மைனஸ் 95. ஜன்னலடியில் 11. யூஎஸ்பி நீட்டு வயரைப் போட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் 14. வயர் 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, இல்லாவிட்டால் இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோகலாம். மழை தூறத் தொடங்க டொங்கிளுக்கு ஷொப்பிங் பை கட்டினேன். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ராசா, இருட்டுக்குள்ள கூரையில நிண்டு என்ன செய்யிறாய்? அம்மா எப்பிடி?" என்றா. 14 என்று சொல்ல வாய் வந்தது.

நவம்பர் 7, வெள்ளி

அம்மாவின் புது ரிப்போட் வரவில்லை.

டபிள்யூவிடயல் கோப்பில் எண் *99#, சிம் கொம்பனியின் இணைய வாசல் பெயரான ஏபிஎன், பிறகு ஸ்டுப்பிட் மோட் 1. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால், வராத லொகின் கேள்விக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். போட்டதும் மோடம் வழி இணைப்பான பிபிபி இணைந்தது, ஐபி முகவரியும் வந்தது. கூகிளின் 8.8.8.8 க்கு, தொடர்பு பார்க்கும் பிங் போகிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. பிபிபி கொண்டுவந்த, தளப் பெயரை எண்ணாக மாற்றும் பெயர்வழங்கி முகவரிகள் அதன் சொந்த ரிசோல்வ் கோப்புக்குள்ளேயே கிடந்தன. அதை, சிஸ்டம் பார்க்கும் ஈடிசிக்குள் இருக்கும் ரிசோல்வ் கோப்பின்மேல் பிரதி பண்ணினேன். சரி. திறந்தது.

அக்கா பேசினா. படம் கட்டம் கட்டமாய் உடைந்தது, குரல் நின்றது. "சாப்பிட்டியே?" "ஓம்." "அம்மா?" "பார்ப்பம் எண்டினம்." அவவும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

சிஎஸ்கியூ 99. தெரியாது என்று அர்த்தம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோப்பு பாதிக்கு மேல் போகும்போது டொங்கிள் கழன்று விழுகிறது. லினக்ஸின் பதிவான டிமெஸ்க் பார்த்தால் யூஎஸ்பி டிஸ்கனெக்ட், மறுபடி 1446, மறுபடி பொய்ச் சீடி. சிக்னல் குறைந்த இடத்தில் ரேடியோ பலத்தைக் கூட்டி அனுப்பும், அப்போது மின்சாரமும் கூட இழுக்கும். யூஎஸ்பி 2 வாசல் தருவதோ 500 மில்லிஅம்பியர். இவ்வளவு நீட்டு வயரில் அதுவும் முழுதாய்ப் போய்ச் சேராது. தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்றை மாமியின் மகனிடம் வாங்கி மாடியில் வைத்தேன்.

அம்மாவை வேறு வார்டுக்கு மாற்றுகிறார்களாம். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. போனை எடுக்கிறாவும் இல்லை, சார்ஜ் இறங்கியிருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

ஹப் வேலை செய்கிறது. முழுக் கோப்பாய் அனுப்பாமல் பக்கம் பக்கமாய் அனுப்புகிறேன். ரத்தப் பரிசோதனை போய்விட்டது. ஈசிஜி போய்க்கொண்டிருக்கிறது, 62 வீதம். வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடிக்கிறான்