கென்யாவில் வீடுவீடாகச் சுகாதார ஆய்வு: காகிதம் முதல் களம் வரை

கென்யாவில் மக்களிடம் போய்க் கேள்வி கேட்டு எடுக்கும் எந்த ஆய்வுக்கும், அது சுகாதாரமானாலும் சமூகவியலானாலும், இரண்டு காகிதங்கள் கட்டாயம். ஒன்று, அங்கீகாரம் பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இன்னொன்று, நாகோஸ்டி என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் ஆய்வு உரிமம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த உரிமம் இல்லாமல் ஆய்வு செய்வது குற்றம். இரண்டும் கைக்கு வந்துவிட்டால் மறுநாளே களத்தில் இறங்கிவிடலாம் என்றுதான் பலர் கால அட்டவணை போடுகிறார்கள். நடைமுறையில் அதற்குப் பிறகு வரும் படிகள்தான் நாளை விழுங்குகின்றன. தரவு உருப்படியாக வருமா என்பது முடிவாவதும் அங்கேதான். விக்டோரியா ஏரியை ஒட்டிய கிசுமு, சியாயா கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

வெளிநாட்டவர் முதலில் தேட வேண்டியது இணைப்புத் தரும் ஒரு கென்ய நிறுவனத்தை. அது பல்கலைக்கழகமாக இருக்கலாம், கெம்ரி என்ற கென்ய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கலாம். இணைப்புக் கடிதம் இல்லாமல் நாகோஸ்டி விண்ணப்பம் நகராது. கடிதத்தில் ஆய்வின் தலைப்பு, உங்கள் பெயர், காலம், உள்ளூர் இணை ஆய்வாளர் யார் என்ற நான்கும் தெளிவாக இருக்கட்டும். பெயருக்கு ஒரு இணை ஆய்வாளரைப் போட்டால் நெறிமுறைக் குழு உடனே பிடித்துவிடும். அவருடைய வேலை என்ன, வரவுசெலவில் அவர் நிறுவனத்துக்குப் பங்கு உண்டா, கட்டுரையில் பெயர் வருமா என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாதிரியையும் தரவையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டு, திரும்பிப் பார்க்காத வெளிநாட்டு ஆய்வுகளை அவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

நெறிமுறைக் குழுவுக்குப் போகும் ஆவணத் தொகுப்பில் ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள், சம்மதப் படிவங்கள், குழுவினரின் தன்விவரங்கள், ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ்கள், வரவுசெலவு, கால அட்டவணை, தரவை எங்கே எப்படி வைப்பீர்கள் என்ற திட்டம் எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆவணத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். ஒப்புதல் கடிதம் குறிப்பிட்ட பதிப்புக்குத்தான் தரப்படுகிறது. கணினியில் நான்கு கேள்வித்தாள்கள் கிடக்கும்போது எது ஒப்புதல் பெற்றது என்று பின்னால் தேடுவது பெரும்பாடு. குழு கருத்துகளோடு திருப்பி அனுப்புவது வழக்கம்தான், பதற வேண்டாம். ஒவ்வொரு கருத்துக்கும் என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் என்று வரிசையாகப் பதில் எழுதி, மாற்றங்கள் தெரியும் பிரதி ஒன்றும் சுத்தப் பிரதி ஒன்றும் சேர்த்து அனுப்பினால் அடுத்த சுற்றில் முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்பை எப்போது செய்வது என்பதை முன்கூட்டியே குழுவின் செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பதிப்பு ஒப்புதல் ஆன பிறகு கிஸ்வாஹிலி, லுவோ மக்களின் மொழியான டோலுவோ ஆகியவற்றில் படிவங்களைத் தந்தால் போதும் என்று சில குழுக்கள் விடுகின்றன. அப்படியென்றால் நல்லது. குழு ஒரு கேள்வியை மாற்றச் சொன்னால் மூன்று மொழியிலும் மாற்ற வேண்டியிருக்காது. மொழிபெயர்த்ததை இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது கட்டாயம். நேரம் பற்றிய கேள்விகளில் தனிக் கவனம் வேண்டும். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுவார்கள், காலை ஏழு மணிதான் முதல் மணி. மருந்தை இரண்டு மணிக்குக் கொடுத்தேன் என்று தாய் சொன்னால் அது காலை எட்டு. களப்பணியாளர் கேட்டதை அப்படியே தட்டிவிட்டால் ஆறு மணி நேரம் பிசகிவிடும்.

உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் குழு கென்ய ஒப்புதலைக் கேட்கும், கென்யக் குழு உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைக் கேட்கும். யாராவது ஒருவர் நிபந்தனையோடு கூடிய கடிதம் தந்தால்தான் முடிச்சு அவிழும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிட்டு, அப்படிப்பட்ட கடிதத்தை முதலில் சொந்தக் குழுவிடம் கேட்பது எளிது.

நாகோஸ்டி விண்ணப்பம் இணையத்திலேயே முடிகிறது. இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது தலைப்பு: நெறிமுறை ஒப்புதலில் உள்ள தலைப்பும் விண்ணப்பத்தில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது கவுண்டிகள். நாட்டில் மொத்தம் 47 கவுண்டிகள், உரிமத்தில் எவை எழுதியிருக்கிறதோ அவற்றுக்குள்தான் ஆய்வு செய்யலாம். முக்கிய ஆய்வு நடக்கும் கவுண்டிகளை எழுதிவிட்டு, முன்னோட்டச் சோதனை நடக்கும் பக்கத்துக் கவுண்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போகலாமா வேண்டாமா என்று இருக்கும் கவுண்டியையும் சேர்த்தே எழுதுங்கள். உரிமம் ஓராண்டுக்குச் செல்லும். கியூஆர் குறியீட்டோடு வரும் அந்தப் பிடிஎஃப்பை வண்ணத்தில் நிறையப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒன்று கேட்பார்கள். குடிவரவு விவகாரம் இதிலெல்லாம் சேராத தனிக் கதை. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக வந்த மின்னணுப் பயண அனுமதி சுற்றிப் பார்க்க வருபவருக்குப் போதும். களத்தில் தங்கி வேலை செய்ய என்ன அனுமதி வேண்டும் என்பதை இணைப்பு நிறுவனத்தின் நிர்வாகத்திடம் கேட்டு ஏற்பாடு செய்வதே சரி.

இனி கீழே இறங்கும் படிகள். 2010 அரசியலமைப்புக்குப் பிறகு சுகாதாரச் சேவை கவுண்டி அரசுகளின் கைக்குப் போய்விட்டது. நைரோபியில் அமைச்சகம் தந்த கடிதத்தைக் காட்டினால் கவுண்டியில் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அனுமதி மட்டும் கிடைக்காது. கவுண்டி சுகாதார இயக்குநரின் கடிதம் தனியாக வேண்டும். இன்னொரு பக்கம் கவுண்டி ஆணையர், துணை ஆணையர், சீஃப், துணை சீஃப் என்று இறங்கும் நிர்வாக ஏணி தேசிய அரசுடையது. சீஃப் என்பவர் பரம்பரைத் தலைவர் அல்ல, அரசு நியமித்த ஊழியர். இரண்டு ஏணியிலும் இறங்கியாக வேண்டும், மேலிருந்து கீழே என்ற வரிசையில். மேலே சீல் வாங்காமல் நேராக சீஃபிடம் போனால் அவர் சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார். ஆணையர் அலுவலகத்திலிருந்து சொல்லும்வரை எதுவும் நடக்காது. எங்கள் கைக்கு மிகவும் உதவியது ஒரே ஒரு தாள்தான்: உரிமத்தின் பிரதி ஒன்றின் பின்பக்கத்தில் ஒவ்வொரு அலுவலகமும் தேதியோடு சீல் குத்திக்கொண்டே வந்த தாள். கிராமத்தில் எவரும் ஆய்வுத் திட்டத்தைப் படிப்பதில்லை. அந்தச் சீல்களைத்தான் எண்ணுகிறார்கள்.

சீஃபிடம் கேட்க வேண்டியது அனுமதி மட்டுமல்ல, அடுத்த பராசாவில் பேசப் பத்து நிமிடமும்தான். பராசா என்பது சீஃப் கூட்டும் ஊர்க்கூட்டம். ரத்தம் எடுக்கிறார்கள், விற்கிறார்கள், சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்ற பேச்சு சுகாதார ஆய்வுகளைச் சுற்றி எளிதாகக் கிளம்பும். விரலில் ஒரு சொட்டு மலேரியா சோதனைக்காக எடுப்பதாக இருந்தாலும், எவ்வளவு, எதற்கு, மிச்சம் எங்கே போகும் என்பதைச் சோதனைப் பட்டையைக் கையில் பிடித்துக் காட்டி அந்தக் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். வதந்தி கிளம்பிய பிறகு விளக்கம் சொன்னால் எடுபடாது. பெரிய வெள்ளை ஜீப்பில் போய் இறங்குவதையும் தவிர்க்கலாம். வண்டியைப் பார்த்ததுமே ஏதோ திட்டம் வருகிறது, பெயர் சேர்க்க வேண்டும் என்று கூட்டம் சேர்ந்துவிடும். போடா போடா என்ற வாடகை மோட்டார் சைக்கிளே போதும்.

எந்த வீடுகளில் கேட்பது என்று தேர்ந்தெடுக்க உதவும் மாதிரிப் பட்டியலுக்கு வருவோம். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கணக்கெடுப்புப் பகுதிகளைத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்திடம் முறையாகக் கேட்டுப் பெறலாம். அது கைகூடாதபோது சமூக சுகாதாரப் பணியாளர்கள் வைத்திருக்கும் குடித்தனப் பதிவேடு இருக்கிறது. எம்ஓஎச் 513 என்பது அதன் படிவ எண். ஒரு பணியாளருக்குச் சுமார் 100 குடித்தனங்கள். நல்ல ஆவணம்தான், ஆனால் புதிதாகக் குடிவந்தவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் பல இடங்களில் விடுபட்டிருப்பார்கள். ஆகவே பதிவேட்டை வைத்துக்கொண்டே ஒருமுறை நடந்து சரிபார்க்க வேண்டும்.

நடக்கும்போது வரும் சிக்கல் லுவோ மக்களின் வீட்டமைப்பு. ஒரே உயிர்வேலி, ஒரே வாசல், உள்ளே பல வீடுகள். வாசலுக்கு நேர் எதிரே மூத்த மனைவியின் வீடு. அதற்கு இருபக்கமும் மற்ற மனைவிகளின் வீடுகள். வாசல் பக்கமாக, சிம்பா என்று சொல்லும் வளர்ந்த மகன்களின் குடில்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வீடு போலத் தெரியும், உள்ளே மூன்று நான்கு அடுப்புகள் எரியும். ஒரே தலைவரை ஏற்று ஒரே சமையலில் சாப்பிடுபவர்களைக் குடித்தனம் என்று வைத்துக்கொண்டால், தனி அடுப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு மனைவியும் தனிக் குடித்தனம். ஆனால் கணவர் எதில் சேர்த்தி? ஒரே மனிதர் மூன்று குடித்தனத்திலும் பதிவாகிவிடக் கூடாது. முந்தைய இரவு எங்கே தூங்கினார் என்பதை வைத்து முடிவு செய்கிறோமா, மூத்த மனைவியோடு சேர்க்கிறோமா என்பதைப் பயிற்சியின்போதே எழுத்தில் வைத்துவிடுங்கள். சிம்பாவில் தூங்கி அம்மாவின் அடுப்பில் சாப்பிடும் மகன் அம்மாவின் குடித்தனம்.

விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. களப்பணியாளர் வாசலில் நுழைந்து நேரே நடந்தால் சேருமிடம் மூத்த மனைவியின் வீடு. நாற்காலி போட்டு உட்கார வைப்பதும் அவர்தான். வயதில் மூத்தவர்கள் மாதிரியில் அதிகமாகிவிடுவார்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் இளைய மனைவிகள் குறைந்துவிடுவார்கள். தடுப்பூசி பற்றிய ஆய்வில் இது முடிவையே சாய்த்துவிடும். எனவே முதலில் எல்லா அடுப்புகளுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் எடுங்கள். தேர்வை டேப்லெட் செய்யட்டும், களப்பணியாளர் செய்ய வேண்டாம்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊரை அறிந்திருக்க வேண்டும். லுவோ பகுதியில் அடக்கங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. உடல் பிணவறையிலிருந்து வெள்ளிக்கிழமையே வந்துவிடும், ஊர் முழுவதும் அங்கேதான் இருக்கும். சனிக்கிழமை ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர்களுக்கு வழிபாட்டு நாளும்கூட. சந்தை நாளில் பெண்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. கானோ சமவெளியில் கரிசல் மண் குழைந்து மோட்டார் சைக்கிளும் போகாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் பொதுத்தேர்தல், அடுத்தது 2027இல். அதற்கு முந்தைய மாதங்களில் யார் வீடுவீடாகக் கேள்வி கேட்டாலும் அரசியலாகவே பார்க்கப்படும். ஒதுங்கியிருப்பது நல்லது.

களப்பணியாளர்களை அதே துணைக் கவுண்டியில் எடுங்கள், அதே கிராமத்தில் வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு, எச்ஐவி போன்ற கேள்விகளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். படிவம் கோபோ, ஓடிகே என்ற தரவு சேகரிப்புச் செயலிகளில் எதில் இருந்தாலும் இணையம் இல்லாமலே இயங்கும். மாலையில் அனுப்பினால் போதும். மேற்பார்வையாளர் அன்றிரவே பார்க்க வேண்டியவை: ஒரு நேர்காணல் எத்தனை நிமிடம் ஓடியது, வீட்டின் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் ஆயத்தொலைவு பத்து மீட்டருக்குள் துல்லியமாக இருக்கிறதா, ஒரே ஆளின் படிவங்களில் மட்டும் ‘இல்லை’ என்ற பதில் குவிகிறதா. ‘ஆம்’ என்றால் மேலும் எட்டுக் கேள்வி திறக்கும் என்பதைப் பணியாளர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போய் நான்கைந்து கேள்வியை மறுபடி கேட்பது இதற்கு நல்ல மருந்து.

பங்கேற்றவருக்குக் கொடுக்கும் தொகை எவ்வளவு என்பது சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நடுவில் மாற்றினால் குழுவிடம் திருத்த ஒப்புதல் வாங்க வேண்டும். பணம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் போகும். பெண்கள் தரும் எண் பல நேரம் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ பதிவாகியிருக்கும். பணம் போனது உங்கள் கணக்கில் தெரியும், அவர் கையில் சேர்ந்ததா என்பது தெரியாது. எண் யார் பெயரில் இருக்கிறது, பணம் அதில் போகலாமா என்று நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கும்போது பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் படிவத்தில் எழுதிய தொகை அவர் கைக்கு வராது. இந்தத் தொலைபேசிப் பட்டியலை நேர்காணல் தரவோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய நுண்ணுணர்வுத் தகவல் வகையைச் சேர்ந்தது. வெளிநாட்டுச் சர்வருக்கு அனுப்புவதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு.

குழந்தைகளின் புயச் சுற்றளவு அளப்பதாக இருந்தால், 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் அது கடும் ஊட்டக்குறை. அளந்து எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. எந்த மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவது, சீட்டில் யார் கையெழுத்து, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை அந்த நிலையத்தின் பொறுப்பாளரோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். சிகிச்சை உணவு அங்கே இருப்பில் உள்ளதா என்பதையும் கேளுங்கள். இல்லாத இடத்துக்குத் தாயை அனுப்பிவிட்டால் அந்த ஊரில் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

நெறிமுறை ஒப்புதலுக்கும் ஓராண்டுதான் ஆயுள், அது நாகோஸ்டி உரிமத்தின் அதே தேதியில் முடிவதில்லை. முதலில் வந்தது முதலில் முடியும். களப்பணி முடிந்து தரவை மட்டும் அலசிக்கொண்டிருந்தாலும் பல குழுக்கள் புதுப்பிக்கச் சொல்கின்றன, குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். இறுதி அறிக்கை நாகோஸ்டிக்கும் கவுண்டி சுகாதாரத் துறைக்கும் போக வேண்டும். கவுண்டிக்குத் தரும்போது இருநூறு பக்கம் தேவையில்லை. வார்டு வாரியாகப் பிரித்த நாலு பக்கம் போதும், அவர்கள் வரவுசெலவு போடுவது அப்படித்தான்.