டெக்குக்கு எண்ணெய் வைத்த கதை

கனடாவின் மிசிசாகாவில் இந்த வீட்டை வாங்கியபோது பின்பக்கத்து டெக்தான், அதாவது திறந்தவெளி மரத்தளம்தான், எனக்கு மொட்டைமாடி. 12க்கு 16 அடி, மருந்தேற்றிய பைன் பலகை. கடையில் கேட்டேன். பளபளவென்று தெளிவான ஒரு வார்னிஷைக் கொடுத்து, பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அடித்த அன்று கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது.

இரண்டாவது குளிர்காலம் முடிந்து பனி உருகியதும் பார்த்தால், வார்னிஷ் வெயிலில் காய்ந்த அப்பளம் போல அங்கங்கே எழும்பி நின்றது.

அந்தக் கோடையில் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருஷம் தச்சுப் பட்டறை நடத்தியவர். குனிந்து, நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்து, அடியில் விரலை வைத்தார். "ஈரம் கெடக்கு பாரு மக்ளே. இது வீட்டுக் கதவா? மழையில கெடந்து மிதிபடுற சாமான். இதுக்குப் போயி தோல் போர்த்துவியா?"

அவர் சொன்னது சரிதான். பலகை தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே படிந்த பூச்சு அந்த அளவுக்கு இழுபடாமல் கீறும். கீறல் வழியே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உறையும். போதாததற்கு, தெளிவான வார்னிஷ் வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடுகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் அதில் சிதைகிறது. பிடித்துக்கொள்ள இடமே பொடியாகிப் போனால் எந்தப் பூச்சுதான் நிற்கும்?

அப்பாவின் வைத்தியம் ஆளி விதை எண்ணெய். ஊரில் கதவுகளுக்கு அதுதான். கடற்கரைப் பக்கம் படகுக்கு முந்திரிக்கொட்டைத் தோலில் எடுக்கிற எண்ணெய் பூசுவார்கள், கையில் பட்டால் வெந்துவிடும் என்று அதையும் சொன்னார். ஆனால் வெறும் ஆளி எண்ணெய் ஈரத்தில் பூஞ்சைக்குத் தீனி. கடைசியில் மரத்துக்குள் ஊறுகிற, ரேகை தெரிகிற, சாயம் கலந்த எண்ணெய் ஸ்டெயினுக்கு இறங்கி வந்தோம். அந்தச் சாயம்தான் வெயிலைத் தடுக்கும் குடை. ரேகையே தெரியாத கெட்டிச் சாயம் இதைவிட நாள்பட நிற்கும்தான், ஆனால் சுவருக்கும் கைப்பிடிக்கும் சரி. மிதிக்கிற தரையில் அதுவும் ஒருநாள் உரியும், திரும்பவும் சுரண்டல்.

சுரண்டல் என்றதும் ஞாபகம் வருகிறது, பழைய வார்னிஷை எடுக்க மூன்று சனி, ஞாயிறுகள் போயின. பிறகு ஆக்சிஜன் பிளீச் போட்டுக் கழுவி, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தெளித்தோம். சாம்பல் நிறம் போய்ப் புது மரம் போல வெளுத்தது. அப்பா 150 நம்பர் உப்புத்தாளைத் தேடினார். நான் அதைவிடச் சொரசொரப்பான 60ஐக் கொடுத்தேன். ரொம்ப வழவழப்பாக்கினால் துளை அடைத்து எண்ணெய் உள்ளே இறங்காது. தச்சு வேலையில் நான் அப்பாவைத் திருத்திய ஒரே சந்தர்ப்பம் அதுதான். முனகிக்கொண்டே தேய்த்தார்.

இரண்டு நாள் காயவிட்டு, பலகையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். சட்டென்று உறிஞ்சியது. அப்படியென்றால் எண்ணெயையும் குடிக்கும். வெயில் ஏறும் முன் ஒரே கோட்டு. கால் மணி நேரம் கழித்து, ஊறாமல் நின்றதை எல்லாம் துணியால் துடைத்து எடுத்தோம். மிச்சம் விட்டால் அதுவே தோலாகிப் பழைய கதை.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடப் போனேன். அப்பா கத்தியே விட்டார். எண்ணெய்த் துணி காயும்போது தானாகச் சூடேறும், குவித்து வைத்தால் பற்றிக்கொள்ளும். பட்டறையில் ஒருமுறை புகைந்ததாம். ஒவ்வொன்றாகப் பிரித்து வேலியில் தொங்கவிட்டார், ஊரில் வேட்டி காயப்போடுவது போல.

இரண்டு வருஷம் ஆகிறது. கதவிலிருந்து படி வரை நடக்கிற தடம் வெளுத்திருக்கிறது, ஆனால் ஒரு செதில்கூட எழும்பவில்லை. போன வாரம் வீடியோ காலில் அப்பா கேட்டார், "தண்ணி தெளிச்சுப் பாத்தியா?" தெளித்துக் காட்டினேன். சேம்பிலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றது. படியோரம் மட்டும் உள்ளே இழுத்தது.

"அப்ப அங்க மட்டும் கழுவிட்டு ஒரு கோட்டு குடு. துணிய வேலில போடு மக்ளே."