ஒயில் வாற இடம் வேற, வருத்தம் இருக்கிற இடம் வேற

கல்லூரி மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் மதில் பாய்ந்த கதைகளையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் கல்லூரியின் உலோகவேலை அறையைப் பற்றி எந்த மலரிலும் ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கணிதம், விஞ்ஞானம் படித்துப் பெயர் எடுத்தவர்கள் பலர். அரமும் கையுமாக நின்றவர்களைப் பற்றியும் ஒருவர் எழுதத்தானே வேண்டும்.

போன மாரிக்குத்தான் அந்த அறை எனக்கு முழுதாகத் திரும்பி வந்தது. என்னிடம் 1979ஆம் ஆண்டு மினி ஒன்று இருக்கிறது, 998 சிசி. ஏற்றத்தில் எஞ்சின் இரையும், கார் நகராது. முதல் கியரில் எடுக்கும்போது உடம்பெல்லாம் நடுங்கும். காலையில் பார்த்தால் நிலத்தில் ஒயில் பொட்டு. கிளச் தட்டில் ஒயில் பட்டிருக்கிறது என்பது தெளிவு. ஒரு கராஜில் கொடுத்தேன். ஒயில் கசியாமல் தடுக்கும் சீலையும் கிளச் தட்டையும் மாற்றித் தந்தார்கள். நாலு மாதத்தில் பழையபடி. திரும்பவும் கொடுத்தேன், திரும்பவும் சீல். மூன்றாம் முறை பொட்டைக் கண்டபோதுதான் எங்கள் உலோகவேலை சேரின் குரல் காதில் விழுந்தது: “தம்பி, ஒயில் வாற இடம் வேற, வருத்தம் இருக்கிற இடம் வேற.”

1991. நான் ஆண்டு 10. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. கார்களெல்லாம் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகை மணம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் நிற்கிறது. எங்கள் அறையிலிருந்த லேத் மின்சாரமின்றிச் சாக்குப் போர்வைக்குள் கிடந்தது. ஆனால் சேர் வகுப்பை நிறுத்தவில்லை. தன்னுடைய மொறிஸ் மைனரை வேப்பமரத்தடியில் விட்டு, அதையே எங்களுக்குப் பாடப்புத்தகம் ஆக்கினார்.

ஒருநாள் டைனமோவைக் கழற்றி மேசையில் வைத்தார். சுழலும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டினோம். “கண்ணை மூடிக்கொண்டு ஆட்டு” என்றார். கண்ணை மூடியபோதுதான் விரல் நுனிக்குத் தெரிந்தது: மெல்லிய ஒரு தட்டல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வால் பக்கத்துப் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வெண்கல வளையம், தேய்ந்திருந்தது. உள்ளே மரை வெட்டும் டாப் ஒன்றை முறுக்கி இறக்கி, அதையே பிடியாக வைத்துப் பழைய புஷ்ஷை இழுத்து எடுத்தார். புதியதைக் கடதாசியில் சுற்றி எப்போதோ வாங்கி வைத்திருந்தார். ஆனால் உடனே போடவில்லை. பால்மா ரின் மூடியில் ஒயிலை ஊற்றி அதற்குள் போட்டு, “நாளைக்கு வாங்கோ” என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அந்தப் புஷ்ஷை எடுத்துத் துடைத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இறுக்கி அழுத்திக் காட்டினார். வெண்கலத்தின் மேல் ஒயில் வியர்வை மாதிரிப் பொட்டுப் பொட்டாகப் பூத்தது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த உலோகம் அது. ஒருநாள் முழுக்க ஊறவிட்டால்தான் ஒயிலைக் குடித்து வைத்திருக்கும். பதினைந்து வயதில் ஓர் உலோகம் வியர்ப்பதைப் பார்த்தவன் அதை மறக்கமாட்டான்.

மினிக்கு வருகிறேன். அலெக் இசிகோனிஸ் என்ற மனிதர்தான் மொறிஸ் மைனரையும் வரைந்தார், 1959இல் வெளிவந்த மினியையும் வரைந்தார். மைனரில் 1952 முதல் இருந்த ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பத்தையே மினியிலும் போட்டார்கள். ஆனால் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பெட்டியை எஞ்சினுக்குக் கீழே ஒயில் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார் இசிகோனிஸ். இரண்டுக்கும் ஒரே ஒயில். பத்து அடி நீளக் காரில் நாலு பேர் காலை நீட்டி இருக்க முடிந்தது அதனால்தான்.

கிளச்சிலிருந்து கீழே கியர்பெட்டிக்குப் பலத்தை இறக்குவது மூன்று பற்சில்லுகள். முதலாவதை பிரைமரி கியர் என்பார்கள். எஞ்சினின் பிரதான தண்டான கிராங்கின் வாலில், உள்ளே இரண்டு புஷ்களுடன், அது சும்மா செருகியிருக்கும். கிளச்சை விட்டிருக்கும்போது கிராங்கும் கியரும் சேர்ந்தே சுற்றும். புஷ்ஷுக்கு வேலையே இல்லை. சிக்னலில் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்துக்கொண்டு நிற்கிறோமே, அப்போதுதான் கிராங்க் உள்ளே சுற்ற, கியர் அசையாமல் நிற்கிறது. தேய்வு முழுவதும் அந்த நேரத்தில்தான். புஷ் தேய்ந்தால் கியர் தலையாட்டத் தொடங்கும். அதன் கழுத்தைப் பிடித்திருக்கும் சீலின் உதடு ஆட்டத்துக்கு ஈடுகொடுக்காமல் ஒயிலை விட்டுவிடும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் இதே கதிதான்.

நானே இறங்கினேன். கிளச்சோடு சேர்ந்திருக்கும் கனமான சில்லான ஃப்ளைவீலைக் கழற்றுவதற்கு முன், ஒன்றாம் நாலாம் பிஸ்டன்கள் உச்சியில் நிற்கும்படி எஞ்சினைத் திருப்பி வைக்க வேண்டும். பிரைமரி கியரைப் பிடித்து வைத்திருக்கும் சி வடிவ வாசர் கீழே நழுவி ஃப்ளைவீலுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தக் கவனம். கூம்பில் இறுகிய ஃப்ளைவீல், இழுத்துக் கழற்றும் புல்லருக்கு இலேசில் மசியாது. முறுக்க முறுக்கப் பேசாமல் இருந்து, வெடி போட்டதுபோல் ஒரு சத்தத்தோடு விட்டது. என் மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். “அப்பா, என்ன உடைஞ்சது?” நல்லது நடந்திருக்கிறது என்று சொல்லி, அவளையும் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

மூடியைத் திறக்கவும் கியர் தெரிந்தது. அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கியரைப் பிடித்து ஆட்டச் சொன்னேன். “தட்டுது அப்பா” என்றாள்.

முதலில் கிராங்கின் வாலை மைக்ரோமீட்டரால் நாலு இடத்தில் அளந்தேன். அது தேய்ந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் பயனில்லை. நல்லகாலம், ஒழுங்காக இருந்தது. புஷ்ஷை அழுத்தி ஏற்றி, கிராங்கின் அளவுக்கு இரண்டையும் ஒரே நேர்கோட்டில், துளையைச் சீவும் ரீமர் ஓட்டிச் சரிசெய்வது என் வீட்டு மேசையில் நடக்கும் வேலை இல்லை. அதற்கு ஒரு பழைய லேத்காரரைத் தேடிப் போனேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர். பழைய புஷ்ஷை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

பூட்டும்போது இரண்டு இடத்தில் பொறுமை வேண்டும். ஒன்று, கியரின் முன்பின் ஆட்டம். அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்றரைக்கும் ஆறரைக்கும் இடையில் நிற்க வேண்டும். பல தடிப்புகளில் கிடைக்கும் வாசர்களில் பொருத்தமானதைத் தேர்ந்துதான் இதைச் சரிபண்ணலாம். முதல் வாசருக்கு எட்டு வந்தது. கழற்றி அடுத்ததைப் போட்டேன். இரண்டாவது, புதுச் சீலோடு மூடியை ஏற்றும்போது கியரின் பல்வரிகளுக்கு மேல் மெல்லிய நாடா சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் சீலின் உதட்டைக் கிழித்துவிடும்.

எட்டு மாதமாகிறது. ஃப்ளைவீல் மூடியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு பிளவு ஆணி தொங்கும். ஒயில் கசிந்தால் அதன் நுனியில்தான் முதலில் துளி திரளும். ஒவ்வொரு ஞாயிறும் குனிந்து அதைத் தொட்டுப் பார்க்கிறேன். விரல் காய்ந்தபடி வருகிறது.

சேர் இப்போதும் ஊரில்தான். எண்பத்தைந்து நடக்கிறது. வேலை முடிந்த அன்றிரவே தொலைபேசி எடுத்தேன். “சேர், மினியின்ரை கியர் புஷ் மாத்தினனான்” என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சுகம் விசாரிக்காமல், பிள்ளைகளைக் கேட்காமல், “ஆட்டம் எவ்வளவு விட்டனீ?” என்றார்.

“ஆயிரத்திலை அஞ்சு, சேர்.”

“ம். காணும். சிக்னலிலை கிளச்சை மிதிச்சுக்கொண்டு நில்லாதை.”

மார்கழியில் ஊருக்குப் போகிறேன். பழைய புஷ்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன், அவர் கையில் கொடுக்க.