கிபிர் எந்த ஆண்டு வந்தது?

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வைப் பற்றிய நாவலில் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம் பறந்தால் எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். இலங்கை விமானப்படைக்குக் கிபிர் வந்தது 1996இல். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் அதுவரை பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தது சியாமாசெட்டி (சியாய் மார்செட்டி), புக்காரா என்ற சிறிய குண்டுவீச்சு விமானங்களை. மல்டிபரல் என்ற பலகுழல் ரொக்கற் எறிகருவி இன்னும் பிந்தியது, ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த 2000இல் வந்தது.

இதைச் சில்லறைப் பிழை என்று தள்ள முடியாது. ஒவ்வோர் ஆயுதமும் சனத்துக்கு வேறொரு பழக்கத்தைக் கொடுத்தது. சியாமாசெட்டியும் புக்காராவும் விசிறி சுழல வருபவை. இரைச்சல் முந்திக்கொண்டு வரும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இறங்கலாம். கிபிர் ஜெட். சத்தம் காதில் விழும்போது தலைக்கு மேல் நிற்கும். மோட்டார் செல் என்றால், அதை ஏவுகிற 'குத்துற' சத்தம் கேட்டதும், விழுவதற்குள் எத்தனை விநாடி என்று எண்ணத் தொடங்குவார்கள். தூரத்திலிருந்து குத்தினால் இருபது விநாடிகூடக் கிடைக்கும். நாற்பது குழாய் மல்டிபரல் அடுத்தடுத்துக் கொட்டும், அதில் எண்ணுகிற வேலையே இல்லை. எண்ணிப் பழகிய ஒரு கிழவி எண்ணுவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதினால், அதில் ஓர் ஆண்டும் இருக்கும், ஓர் இழப்பும் இருக்கும்.

1990க்குப் பிந்தி அரசு வடக்கின் மேல் போட்ட பொருளாதாரத் தடையை நாவல்கள் 'இருள் சூழ்ந்த நாட்கள்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெரிய வீண். ஜாம் போத்தல் விளக்கை எடுங்கள். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் நுழைத்த மெல்லிய திரி. எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால் தட்டுப்பட்டு விழுந்தாலும் கொட்டாது, சுடர் போத்தலுக்குள் இருப்பதால் காற்றில் அணையாது. வெளிச்சம் ஒரு கொப்பியின் பக்கத்துக்குத்தான் காணும். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யார் முதலில் படிப்பது? மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, ஆனால் ஸ்டார்ட் ஆகச் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும். பிளக்கில் கரி அடிக்கடி பிடிக்கும். இரவில் வயிற்றுவலிக்காரியை ஏற்றிக்கொண்டு போகிறவன் அந்தச் சொட்டுகளை எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்பதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

போர் முடிந்த 2009 முள்ளிவாய்க்காலை எழுதுகிறவர்கள் சேலையில் தைத்த மண்மூட்டையை விடுவதேயில்லை. ஆனால் அது ஏன் வந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். கடற்கரை மணலில் சுவர் நிற்காது. பக்கத்தில் ஒரு செல் விழுந்தாலே பங்கர் சரிந்து உள்ளே இருப்பவர்களை மூடும். ஆழமாக வெட்டினால் தண்ணீர் ஊறும். ஆகவே பள்ளத்தை ஆழமாக்காமல் விளிம்பை மூட்டையால் உயர்த்தவேண்டும், சரிவைத் தடுக்க உள்ளேயும் அடுக்கவேண்டும். சாக்கு முடிந்த பிறகுதான் சேலை.

ஒரு மீற்றர் துண்டை மடித்துத் தைத்தால் ஒரு பை என்று வையுங்கள். ஐந்தரை மீற்றர் சேலையில் ஐந்து பை. நாலு பேர் குந்தியிருக்கிற குழிக்கு ஒரு சேலையும் காணாது, இரண்டும் காணாது. இடம்பெயரும்போது மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மண்ணைக் கொட்டிவிட்டு வெறும் பையைச் சுருட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் அடுத்த சேலை.

பட்டின் பளபளப்பைப் பற்றி இவ்வளவு பக்கம் எழுதத் தேவையில்லை. கூறைச் சேலை எத்தனையாவதாக வெட்டப்பட்டது, அப்போது கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று சொன்னால் போதும்.