ஃபோர்க்குக்கு எடுபிடி வேலைதான்

தாய்லாந்து என்றாலே சாப்ஸ்டிக் என்று பலர் நினைக்கிறார்கள். சோற்றுக்கு அங்கே அது கிடையாது. வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஃபோர்க் சோற்றையும் குழம்பையும் ஸ்பூனுக்குள் தள்ளிவிடும், அதோடு சரி. சோற்றை ஃபோர்க்கால் எடுத்து வாயில் வைத்தால், நாம் கத்தியை நக்குகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

முன்பு அவர்களும் கையால்தான் சாப்பிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பழக்கம் அரண்மனை வழியாக நுழைந்தது. ஃபோர்க்கையும் ஸ்பூனையும் வைத்துக்கொண்டு கத்தியை மட்டும் கழற்றிவிட்டார்கள். கறியும் காயும் அடுப்படியிலேயே வாய்க்கு அளவாக நறுக்கப்பட்டுவிடும்போது கத்தி எதற்கு? கெட்டிக்காரத்தனம்!

சாப்ஸ்டிக் வருவது சீனர் வழி வந்த நூடுல்ஸ் சூப்புக்கு.

ஆனால் எனக்குப் பிடித்தது வடகிழக்கே ஈசான் பக்கத்து வழக்கம். மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. கொஞ்சம் பிய்த்து, விரல்நுனியில் உருட்டி, லேசாக அமுக்கி, காரத் துவையலில் தொட்டு வாயில் போட வேண்டியதுதான். கையெல்லாம் பிசுபிசுக்குமோ என்று பயப்படாதீர்கள். ஊறவைத்து ஆவியில் வேகவைத்த அரிசி, ஒன்றோடொன்றுதான் ஒட்டும். விரலில் அவ்வளவாக ஒட்டாது.