2019 ஜூலைக்குப் பிறகு செய்த வண்டி: என் முதல் கார் வாங்கிய கணக்கு

படிப்பை முடித்து மதுரைக்குப் பக்கத்தில் வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பிடித்தம் போகக் கையில் வருவது 28,000 ரூபாய். இந்தச் சம்பளத்துக்குக் கார் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வீடு திருமங்கலத்தில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும், ஷிப்ட் முடிய ராத்திரி பத்து மணியாகும். அந்த நேரத்தில் செக்கானூரணியில் இறங்கித் திருமங்கலம் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு பஸ் படி ஏற முடியவில்லை, மதுரைக்குச் செக்கப் போகும்போதெல்லாம் வாடகைக் கார்தான். அதனால் கார் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எந்தக் கார், எந்தக் காசில் என்பதுதான் கேள்வி. இப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று நான் பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் காரைப் பார்க்காமல் மாதச் செலவைத்தான் பார்த்தேன். தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் எடுத்து வைப்பது, எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆபீஸும் வீட்டு வேலையும் சேர்த்து மாதம் 700 கி.மீ. ஓடும். லிட்டருக்கு 18 கி.மீ. கிடைத்தால் 39 லிட்டர், அதாவது 4,000 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸுக்கு 1,300 ரூபாய் ஒதுக்கினால் தவணைக்கு மிஞ்சுவது 6,700.

இந்த 6,700 ரூபாயில்தான் எல்லாரும் வழுக்குகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது, அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தது. புது வண்டியே வாங்கிவிடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஷோரூமில் ஆன்ரோடு 5.5 லட்சம் சொன்னார்கள். அப்பாவின் சீட்டுப் பணம் 1.5 லட்சத்தை முன்பணமாகக் கட்டினால் மீதி 4 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, 7 வருடம், தவணை 6,436 ரூபாய். பழைய வண்டி என்றால் 2 லட்சம் கடன் போதும். வட்டி 12 சதவீதம், ஆனால் 3 வருடம், தவணை 6,643 ரூபாய். மாதா மாதம் கையை விட்டுப் போவது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் புது வண்டிக்கு வட்டி மட்டும் 1,40,000 ரூபாய்க்கு மேல் போகும், பழைய வண்டிக்கு 39,000. ஒன்று என் 25 வயதில் முடியும், மற்றது 29 வயதில். நடுவில் மேல்படிப்பு, கல்யாணம், வேலை மாற்றம் என்று எது வந்தாலும் அந்தத் தவணை கூடவே வரும். ஷோரூமில் யாரும் பொய் சொல்லவில்லை, தவணையை மட்டும் சொன்னார்கள், அவ்வளவுதான். நீங்கள் போனால் மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள்.

பழைய வண்டிக் கடனையும் 5 வருடமாக நீட்டினால் தவணை 4,449 ஆகக் குறையும் என்று ஆசை காட்டினார்கள். அப்படிச் செய்தால் வட்டி 28,000 ரூபாய் கூடும். எனக்கு அது ஒரு மாதச் சம்பளம். வேண்டாம் என்றேன்.

சரி, பழைய வண்டி என்று முடிவாயிற்று. அப்புறம் எந்த மாடல்? கேட்டவர்கள் எல்லாம் மாடல் பெயரைத்தான் சொன்னார்கள். ஆல்ட்டோ வாங்கு, ஸ்பேர் மலிவு. வேகன் ஆர் வாங்கு, மறுபடி விற்கலாம். இயான் வாங்கு, பார்க்க நன்றாக இருக்கும். நான் அதை விட்டுவிட்டுச் செய்த தேதியைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் (திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாதது) கட்டாயம். 2019 ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். முன்னால் உட்காரும் இன்னொருவருக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2022 ஜனவரியில். இந்த விதிகளுக்கு முந்திய மலிவு வண்டிகளில் இவை கம்பெனி விருப்பப்படிதான் இருந்தன, பல அடிமட்ட மாடல்களில் இருக்காது. 2018 வண்டி 2.8 லட்சத்துக்கும் 2020 வண்டி 3.6 லட்சத்துக்கும் கிடைக்கும்போது அந்த 80,000 ரூபாயை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி லாரி வெளிச்சத்தில் ஓட்டப்போகிறவள் நான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவு செய்த தேதி வேறு, செய்த மாதம் வேறு. 2019 மார்ச்சில் செய்து, ஷோரூமில் நின்று, ஆகஸ்டில் பதிவான வண்டியும் சந்தையில் இருக்கிறது. ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். ஸ்டியரிங்கில் எஸ்.ஆர்.எஸ். அல்லது ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம், அணையவே இல்லை என்றாலும் சந்தேகம்.

இதற்குப் பிறகுதான் மாடலுக்கு வந்தேன். காரை மோதவிட்டு 5 ஸ்டார் வரை மதிப்பெண் போடும் குளோபல் என்கேப் சோதனையில் டாடா டியாகோவுக்கு 2020 ஜனவரியில் பெரியவர் பாதுகாப்புக்கு 4 ஸ்டார் கிடைத்திருக்கிறது. 2023-இல் வேகன் ஆருக்கு 1, ஆல்ட்டோ கே10-க்கு 2. ஆனால் அப்பா முழங்காலோடு ஏறி இறங்குவதற்கு வேகன் ஆர் மாதிரி வசதி வேறு இல்லை. சீட் உயரம் என்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். டியாகோவில் சீட் தாழ்வு, கொஞ்சம் குனிந்து இறங்கி உட்கார வேண்டும். இதற்காகவே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்கச் சொன்னேன். டியாகோவில் முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு மாசத்துல ஒரு நாளு, ஒனக்கு வாரத்துல மூணு நாளு. ஒனக்குச் சரிப்பட்டா எடுத்துக்க" என்றார். அதோடு முடிவாயிற்று. டியாகோ எஞ்சின் 1,199 சி.சி., மூன்று சிலிண்டர். நிற்கும்போது லேசான அதிர்வு தெரியும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

வண்டி தேடியதில் பெரும்பகுதி மதுரையில் பைபாஸ் ரோடு, கே.கே. நகர்ப் பக்கம் உள்ள, பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்குகளில்தான் போனது. கூட வந்தவர் அப்பாவின் சிநேகிதர், திருமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாமா. அவர் இல்லாமல் நான் ஒரு வண்டியையும் பார்க்கவில்லை. அவருக்கு அரை நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்தது இந்த மொத்த வேலையிலேயே நல்ல செலவு.

ஒரு கன்சல்டிங்கில் டி.என். 69 நம்பர் வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. 2021 மாடல், விலை மட்டும் மற்ற வண்டிகளைவிட 70,000 குறைவு. நான் டேஷ்போர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் ஓர் அடி இழுத்து மாட்டுவோம், அவர் உருளையில் இருக்கும் கடைசிச் சுற்று வெளியே வரும்வரை இழுத்தார். பெல்ட்டின் கடைசி இரண்டு சாண் நீளத்துக்கு மண் நிறத்தில் ஒரு கறை, விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அதற்கு அடியில் போல்ட்டுகள் எல்லாம் துரு. "வெளிய பூரா பாலிஷ் போட்டு வச்சிருக்காய்ங்க பாப்பா. இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி" என்றார். டி.என். 69 தூத்துக்குடி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து தூத்துக்குடியே மிதந்ததே, அந்த வெள்ளத்தில் மாட்டியதாகத்தான் இருக்க வேண்டும். இப்படி நனைந்த வண்டியில் எஞ்சினைச் சரி செய்துவிடலாம், ஒயரிங் எப்போது எங்கே அரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏர்பேக் கம்ப்யூட்டரும் அதே ஒயரில்தான் தொங்குகிறது என்றார் மாமா. தூத்துக்குடி நம்பர் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. சென்னை நம்பரோ நம்ம ஊர் நம்பரோ, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்.

கடைசியில் எடுத்தது கன்சல்டிங் வண்டி இல்லை. அண்ணா நகரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மகனோடு போய் இருக்கப்போகிறார் என்று விற்ற டி.என். 59 டியாகோ. 2020 ஆகஸ்டில் செய்தது, முதல் ஓனர், மீட்டரில் 34,000 கி.மீ. காலையிலேயே போய்ப் பானட்டில் கையை வைத்துப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்த எஞ்சினில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. டயரில் 2320 என்று அச்சாகியிருந்தது, 2020-ஆம் வருடம் 23-ஆவது வாரம் என்று அர்த்தம். நான்கிலும் அதே காலத்து எண்தான். வண்டியோடு வந்த டயர் இன்னும் கிடக்கிறது என்றால் 34,000 கி.மீ. என்பது நம்பக்கூடியது. டயர் புதிதாக இருந்தால்தான் மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்று யோசிக்க வேண்டும். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் வருட எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது, அதாவது எதுவும் உடைந்து மாற்றியதில்லை. முன் பம்பரில் மட்டும் டச்சப் செய்திருந்தார்கள், அதை அவரே சொன்னார். சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

அவர் சொன்ன விலை 3,90,000. ஐந்து வருட டயர், இனி மாற்றியே ஆக வேண்டும், நாலுக்கும் 16,000 ரூபாயாவது ஆகும் என்றேன். ஜி.எஸ்.டி. குறைந்து புது வண்டியே இறங்கிவிட்டது என்பதையும் சொன்னேன். 3,55,000-இல் முடிந்தது. சீட்டுப் பணம், பேங்க் கடன், என் சேமிப்பில் கொஞ்சம்.

காகித வேலையை யாரும் புரோக்கரிடம் மொத்தமாக விட்டுவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதும் நிற்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பார்த்துவிட்டேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வேண்டும், அது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். தேனிப் பக்கமிருந்து வரும் கேரள நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே என்.ஓ.சி. வாங்கி இங்கே லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் மலிவு போய்விடும்.

ஆர்.சி. மாற்ற அலைந்து விட்டு இன்சூரன்ஸை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். வண்டி கைமாறி 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் நம் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கிடைக்காது. ஒரு புரோக்கர் என்னிடம், ஐம்பது சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காதவருக்கு இன்சூரன்ஸில் தரும் தள்ளுபடி) இருக்கிறது, அப்படியே உனக்கு வரும் என்றார். வராது. அது பாலிசி வைத்திருந்தவருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. வாத்தியார் தன் போனஸை எடுத்துக்கொண்டு போனார், நான் வித்தியாசத் தொகையைக் கட்டினேன்.

வண்டி கைக்கு வந்த நாள் பாண்டி கோவிலில் பூஜை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அதற்கு முன்னால் வாத்தியாரும் நானும் தேதி, மணி, மீட்டர் அளவு எல்லாம் எழுதி டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டோம். அதுவரை வந்த அபராதம் அவருடையது, அதற்கு அப்புறம் என்னுடையது. அவருடைய ஃபாஸ்டேக்கை அவரே ரத்து செய்துவிட்டார், நான் புதிது ஒட்டினேன். இரண்டாவது சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இந்த வண்டிகளில் சாவிக்குள் சிப் இருக்கிறது, தொலைந்தால் பூட்டுக் கடையில் நூறு ரூபாய்க்குப் போட்டுவிட முடியாது. சாவி ஒன்றுதான் என்றால் அந்தச் செலவை அங்கேயே விலையில் கழித்துப் பேசிவிடுங்கள்.